கசப்பிலை மரத்து விட்டில்

தம்பி தன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது அதற்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. சோறு கொண்டுபோகிற டப்பாவில் என்னடா உயிரோடு கிடக்கிறது என்று அக்கா கேட்டாள்.

"திறந்துடாத, பறந்துடும். சைட் ஆபீஸ் சுவத்துல உக்காந்திருந்துச்சு. நம்ம ஆளுங்க செருப்பக் கழட்டிட்டாங்க. நான்தான், எங்கக்காகிட்ட காட்டாம அடிச்சீங்கன்னா எனக்கு வீட்டுல சோறு கிடையாதுன்னு சொல்லிக் காப்பாத்திக் கொண்டாந்தேன்."

அக்கா அருங்காட்சியகத்தில் பூச்சி வளர்ப்பு அறையின் பொறுப்பாளர். வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் 'பூச்சியக்கா'தான். ஓய்வுபெறப் போகிறவர்கள்கூட அக்கா என்று கூப்பிட்டதில் ஆரம்பத்தில் கொஞ்சம் முகம் சுளித்தாள், பிறகு பழகிவிட்டது. அவள் கணவர் ஒரு பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். மாவு மூட்டைகளில் அந்துப்பூச்சி வராமல் காப்பது அவர் வேலையில் பாதி. 'ஒரே வீட்டுல நான் கொல்றேன், அவ வளக்குறா, ஆகமொத்தம் பாவ புண்ணியம் சமமாப் போயிடும்' என்பது அவர் எல்லா உறவினர்களிடமும் சொல்லித் தேய்ந்துபோன நகைச்சுவை.

ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் டப்பாவைத் திறந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விட்டில். சாம்பல் நிறம், காய்ந்த மரப்பட்டையைச் சீவி ஒட்டியதுபோல. அவள் ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டதும் முன்சிறகுகள் விலகின. பின்சிறகுகளில் வட்டமாக இரண்டு கண்கள் விழித்தன. ஆந்தை முறைப்பதுபோல இருந்தது. தம்பி தன்னை அறியாமல் ஓரடி பின்னால் போனான்.

அக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். இந்தப் பூச்சியை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். ஆனால் எல்லாமே ஊசி குத்தி இழுப்பறைக்குள் வைத்தவை. அவள் பிறப்பதற்கும் முன்னால் யாரோ பிடித்தவை. மைகூட மங்கிப்போன சீட்டுகள். அதற்கப்புறம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இந்த இனம் அழிந்துவிட்டது என்றுதான் அவள் படித்த புத்தகமும் சொன்னது, அவளும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தாள்.

இதற்கு என்ன சாப்பாடு வைக்க வேண்டும் என்று கணவர் கேட்டார்.

"ஒன்னும் வேண்டாங்க. இதுக்கு வாயே கிடையாது. புழுவா இருக்கும்போது தின்னதுதான். அந்தக் கொழுப்பு தீர்ற வரைக்கும் உயிரோட இருக்கும், மிஞ்சிப்போனா ஒரு வாரம். அதுக்குள்ள சோடி சேந்து, முட்டை போட்டு, போயிடணும்."

"வாயில்லாப் பூச்சின்னு உலகத்துல மாமா ஒருத்தர்தான்னு நெனச்சேன்" என்றான் தம்பி. கணவர் ஏதோ பதில் சொன்னார். அக்கா அதைக் கேட்கவில்லை. அந்தப் பெண் விட்டிலின் வயிறு பருத்துத் தொங்கியதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் டப்பாவின் உட்சுவரில் கடுகைவிடச் சற்றுப் பெரிய முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அவள் அவற்றை வளர்ப்பு அறைக்குக் கொண்டுபோனாள். சோடி சேராத விட்டிலும் முட்டை போடும். ஆனால் அந்த முட்டைகள் நடுவில் குழிந்து வற்றிப்போகும். இவை குழியவில்லை. நாளாக ஆகக் கறுத்தன. ஒரு விடியலில் மயிரிழை போன்ற கரும் புழுக்கள் ஓட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தன. அப்படியானால் தம்பி வேலை பார்க்கிற அந்தக் கால்வாய்க்கரையில் ஆணும் இருந்திருக்கிறது. ஒன்றல்ல, ஒரு குடும்பமே அங்கே இருக்கிறது. அன்று பூச்சியக்கா வாசல் காவலருக்குக் காரணம் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தாள்.

கால்வாயை அகலப்படுத்தி இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, மேலே நடைபாதையும் விளக்குகளும் போடுகிற வேலை. அதில் தம்பி சைட் எஞ்சினியர். அந்தக் கரையில் ஒரு வரிசை மரங்கள் நின்றன. அவற்றைக் கசப்பிலை மரம் என்பார்கள். இலையை ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், கட்டை சரியாக எரியாது, நிழலும் சுமார். எதற்கும் உதவாத மரம் என்று நகரம் முழுக்க வெட்டித் தள்ளிவிட்டார்கள். கால்வாய் நாற்றத்துக்குப் பயந்து யாரும் போகாததால் இங்கே மட்டும் தப்பியிருந்தது. இந்த விட்டிலின் புழுவோ அந்த இலையைத் தவிர வேறு எதையும் வாயால் தொடாது. பட்டினி கிடந்து சாகும், பக்கத்து மரத்துக்குப் போகாது.

அவள் கரைக்குப் போனபோது மரத்தடியில் மிளகைக் கொட்டியதுபோல எச்சம் கிடந்தது. அண்ணாந்து பார்த்தாள். முதலில் எதுவும் தெரியவில்லை. கண் பழகியதும் ஒவ்வொரு கிளையிலும் புழுக்கள் தெரிந்தன. இலை நரம்பின் நிறத்தில், தலையைத் தூக்கிக்கொண்டு, அசையாமல்.

வேலையை நிறுத்த முடியுமா என்று தம்பியிடம் கேட்டாள்.

"நான் யாருக்கா? மேல சொல்றத கீழ செய்யுறவன். மழைக்கு முன்னாடி சுவர் எழும்பலைன்னா என் தலை உருளும்" என்றான். ஆனாலும் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னான். அவர், பூச்சிக்காகச் சுவரை வளைத்துக் கட்டணுமா என்று கேட்டுச் சிரித்தாராம். அக்கா இயக்குநரிடம் போனாள். இயக்குநர் வண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர், நல்ல மனிதர், களைத்துப்போனவர். அவர் எழுதினார், நேரிலும் போனார், பெரிய இடத்தில் பல மணி நேரம் காத்திருந்து வந்தார். மரங்களை வெட்டமாட்டோம், வேரோடு பிடுங்கி நகருக்கு வெளியே நட்டுவிடுகிறோம் என்று பதில் வந்தது.

"நட்டுடுவாங்கம்மா" என்றார் இயக்குநர். "பட்டுப்போயிடும். ஆனா கேட்டா நட்டோம்னு சொல்லிக்கலாம். இதுக்கு மேல தட்டுறதுக்கு என்கிட்ட கதவு இல்ல."

தம்பி தன்னால் ஆனதைச் செய்தான். மரங்கள் இருந்த முனையை விட்டுவிட்டு எதிர்முனையிலிருந்து தோண்ட ஆரம்பித்தான். அங்கே மண் இளக்கம், அதனால் வேலை சீக்கிரம் நகரும் என்று மேலே சொல்லிவைத்தான். உண்மையில் அங்கேதான் பாறை. அவன் வாங்கிய திட்டுகளை அவன் சொல்லவில்லை, மேஸ்திரி சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது.

அந்த அவகாசத்தில் புழுக்கள் வளர்ந்தன, சட்டையை உரித்து உரித்துப் பருத்தன. மரங்களோடு போகப்போகிறவை. அவற்றில் பாதியை மரத்திலேயே விடுவதா என்று யோசித்துப் பார்த்தாள். எரியப்போகிற வீட்டில் பாதிப் பிள்ளைகளை விட்டுவருவதா என்று தோன்றியது. எல்லாவற்றையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

விடுமுறை நாளில் மூவரும் ஏணியோடு போனார்கள். கீழே வெள்ளைத் துணி விரித்து, கிளை கிளையாக வளைத்து, புழு பிடித்திருந்த குச்சியோடு நறுக்கினார்கள். கணவர் பேக்கரியிலிருந்து ரொட்டி அடுக்குகிற தட்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். முதலாளி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று தம்பி கேட்டதற்கு, புது வகை பன் போடுகிறோம், உள்ளே பூரணம் தானாக நடக்கும் என்று சொல்வேன் என்றார். அன்று அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். ஏணியில் நின்றபடி சிரித்ததால் தம்பி ஏணிக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பிறகு அவள் நினைத்துப் பார்த்தபோதெல்லாம், அந்த வேலையில் அவள் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

வளர்ப்பு அறையில் இடம் போதவில்லை. ஒரு கூண்டில் இருக்க வேண்டியவை கூட்டமாக அடைந்தன. இலைக்கு அவள் மரங்களுக்கே ஓடினாள். கொண்டுவருகிற இலையெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. பிறகு மரங்களையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நகருக்கு வெளியே நட்ட இடத்துக்குப் பேருந்து பிடித்துப் போய், வாடத் தொடங்கியிருந்த கிளைகளில் பச்சையாக இருந்ததைப் பொறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

ஒரு காலையில் ஒரு கூண்டில் ஒரு புழு உச்சிக்கு ஏறி, வலையைப் பின்கால்களால் பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொய்ந்து தொங்கியது. அவள் தொட்டதும் தோல் கிழிந்து பழுப்புத் தண்ணீராக ஒழுகியது. இந்த நோய் அவளுக்குத் தெரியும். ஒன்றிரண்டு புழுக்களின் உடம்பில் எப்போதும் உறங்கிக் கிடப்பது. மரத்தில் தள்ளித் தள்ளி வாழும்வரை பரவாது. நெருக்கினால் விழித்துக்கொள்ளும். நோய் கண்ட புழு உயரத்துக்கு ஏறிச் சாகும், அதன் உடம்பு கீழே இருக்கிற இலைகளில் சொட்டும், மற்றவை அந்த இலையைத் தின்னும்.

கூண்டுகளைப் பிரித்தாள். கையுறை மாற்றினாள், தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள், ஒவ்வொரு புழுவையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் விட்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டிருந்தது. தினமும் காலையில் கதவைத் திறந்தால் குவளைகளின் விளிம்பில் அவை தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பின்கட்டில் வைத்து எரித்தாள். கணவர் வேலை முடிந்ததும் ரொட்டி வாசனையோடு வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். நகைச்சுவை எதுவும் அவருக்கு வரவில்லை. எரித்து முடிந்ததும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையைக் கழுவிவிட்டார்.

தம்பி வந்தான். அவள் புழுக்களை எரித்த இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, நீ அந்த மரங்களை விட்டுவைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றாள். சொல்லும்போதே அது நியாயமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

அவன் கோபப்படவில்லை.

"மரத்துல விட்டிருந்தா மரத்தோட போயிருக்கும்க்கா. உன்கிட்ட வந்துச்சு, உன்கிட்டயே போயிடுச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அது அவள் நெஞ்சில் போய் முள்ளாகத் தைத்தது. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. மாமாதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் போகவில்லை. ஒரு கையால் மூடிவிடலாம் என்கிற அளவுக்குச் சில புழுக்கள் நோய் தொடாமல் தப்பி, இலையை மடித்து இழை பின்னிக் கூடு கட்டின. வெளியே மழையும் குளிரும் வந்து போயின. மரத்தில் இருந்திருந்தால் எல்லாக் கூடுகளும் ஒரே வெயிலில் காய்ந்து, ஒரே மழையில் நனைந்து, ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறந்திருக்கும். ஆண்கள் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்து காத்திருக்கும். அறைக்குள் அந்த வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அவள் விளக்கைக் குறைத்தும் கூட்டியும், தண்ணீர் தெளித்தும் பருவங்களைப் போலியாகச் செய்துகொடுத்தாள்.

முதலில் ஒரு பெண் வந்தது. மாலையில் கூட்டைக் கிழித்துக்கொண்டு நனைந்த துணிபோல வெளியே வந்து, வலையில் தொங்கிச் சிறகை விரித்தது. குறை ஒன்றுமில்லை. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. மற்றக் கூடுகளை அவள் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் அசைவதாக இல்லை.

அந்தக் கால்வாய்க்கரையில், யார் கண்ணிலும் படாமல் எங்கோ ஒரு மூலையில் ஒரு ஆண் பிழைத்திருக்கலாம். இந்தப் பெண் விட்டில் கூப்பிட்டால் வரலாம். ஆண் விட்டிலின் கொம்புகள் இறகுபோல விரிந்தவை, ஊருக்கு அப்பாலிருந்தும் பெண்ணின் வாசனையைப் பிடித்துவிடும். ஆனால் இப்போது அங்கே நடைபாதை விளக்குகள் பகலாக எரிந்தன. அந்த வெளிச்சத்தில் எந்த ஆணும் வழி தப்பிவிடும். விளக்கை அணைக்க முடிந்தவன் ஒருவன்தான். அவள் போனை எடுத்தாள்.

தம்பி மறுமுனையில் ஹலோகூடச் சொல்லாமல், "எத்தனை மணிக்கு அணைக்கணும்?" என்று கேட்டான். மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் வலைக்கூண்டைப் புதுச் சுவரின் விளிம்பில் வைத்தார்கள். தம்பி மெயின் சுவிட்சை இறக்கினான். கான்கிரீட் இன்னும் பகல் சூட்டை விட்டுக்கொண்டிருந்தது. இருட்டத் தொடங்கியதும் அந்தப் பெண் விட்டில் வயிற்று நுனியை நீட்டிக் கூப்பிட ஆரம்பித்தது. சத்தமில்லை, மனிதர் மூக்குக்கு மணமும் இல்லை. காற்று மட்டும் அவர்கள் முகத்தைத் தொட்டுக்கொண்டு கால்வாய்க்குக் கீழே போயிற்று.

நடைபயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் ஏன் விளக்கு இல்லை என்று சத்தம் போட்டார். இந்தக் கூண்டுக்குள் என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

"எங்கக்கா வளத்த பொண்ணு சார்" என்றான் தம்பி. "மாப்பிள்ளை பாக்குறோம்."

பெரியவர் குனிந்து பார்த்தார், சிரித்தார், கைத்தடியால் வழியைத் தடவியபடி போய்விட்டார். சின்னச் சின்னப் பூச்சிகள் வலையில் வந்து மோதின. கொசு கடித்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா பாதி எழுந்து உட்கார்ந்தாள். வேறு யாரும் வரவில்லை.

அடுத்த நாளும் போனார்கள். பெரியவர் தூரத்திலிருந்தே, வரன் அமைந்ததா என்று கேட்டார். தம்பி கையை விரித்துக் காட்டினான். மூன்றாவது மாலை விளக்கை அணைக்க முடியவில்லை. புகார் மேலே போய், தம்பியிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பெண் விட்டில் அன்றும் கூப்பிட்டது. அதற்கு வேறு வேலை இல்லை. பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டு வலையில் முட்டை போடத் தொடங்கியது. அக்கா அந்த முட்டைகளை எடுத்துவந்து வைத்தாள். எதற்கு வைக்கிறாய் என்று கணவர் கேட்கவில்லை. அவை ஒவ்வொன்றாகக் குழிந்தன. பெண் விட்டிலின் சிறகோரம் கிழிந்து நைந்து, ஒரு மதியம் அது கூண்டின் அடியில் கிடந்தது.

அதை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, அவள் மற்றக் கூடுகளை மறந்துபோக முயன்றாள். சில நாள் கழித்து, வளர்ப்பு அறையின் கதவைத் திறந்தபோது ஒரு ஆண் வலையில் தொங்கிக்கொண்டிருந்தது. இறகுபோன்ற கொம்புகள், வதங்காத சிறகுகள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் அது எழுந்தது. கூண்டில் மோதி மோதி ஒரே பக்கமாக அடித்துக்கொண்டது. எந்தப் பக்கம் என்று பார்த்தவளுக்குப் புரிந்தது. எதிர் அலமாரியில், கழுவாமல் வைத்திருந்த அந்தப் பெண்ணின் வெற்றுக் கூண்டு. வலையில் அதன் வாசனை இன்னும் ஒட்டியிருக்கிறது. அக்கா ஆணின் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டாள். ஆண் நேராகப் பறந்துபோய் அந்த வெற்று வலையைப் பற்றிக்கொண்டு, சிறகு நடுங்க, மேலும் கீழும் ஊர்ந்து தேடியது. பெண் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து நின்றது. விலகிப் போய் மறுபடியும் அங்கேயே வந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பொறுக்க முடியாமல் ஒரு கட்டத்தில் அந்தக் கூண்டை எடுத்துக்கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தேய்த்துக் கழுவும்போதுதான் அழுதாள்.

மீதிக் கூடுகளைக் கடைசியில் கத்தரியால் திறந்தார்கள். எல்லாம் உள்ளேயே காய்ந்திருந்தன.

சிறகு சேதமாகும் முன் ஆணைப் பதப்படுத்திவிட்டால் நல்ல மாதிரி கிடைக்கும் என்று இயக்குநர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொன்னது முறைதான். ஆனால் அதுவாகப் போகட்டும் சார் என்றாள் அக்கா. அது போக ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் சிறகின் ஒரு கண் முழுக்க உதிர்ந்துவிட்டது. அதை அவளே ஊசி குத்தி, பழைய வரிசையின் கடைசியில், பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள். சீட்டில் புது மையில் எழுதினாள். இழுப்பறையைச் சாத்தினாள். மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். வழக்கமான பேச்சில் அவள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அழிந்துவிட்டது என்றுதான் முன்பும் சொல்லியிருந்தாள்.

அடுத்த ஆண்டு தம்பிக்கு நகரின் மறுபக்கத்தில் ஒரு கிடங்கு கட்டுகிற வேலை வந்தது. ஒரு மாலை வீட்டுக்கு வந்தவன், சாப்பிட உட்காராமல் வாசலிலேயே நின்றான்.

"நாளைக்கு மெஷின் இறங்குதுக்கா. அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லேன்."

அவள் போனாள். முள்வேலிக்குள் கொஞ்சம் புதர், உடைந்த செங்கல், எங்கும் முளைக்கிற களைகள். தம்பி இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தான். அவள் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மண்டியிட்டுச் செடித் தூர்களில் எச்சம் கிடக்கிறதா என்று தேடினாள், ஒரு கல்லைப் புரட்டி மறுபடி அப்படியே வைத்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் மெஷினில் உட்கார்ந்து இருவரையும் வேடிக்கை பார்த்தான்.

வேலியின் கடைசி முனைவரை போய்த் திரும்பி வந்து, அவள் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"ஒன்னும் இல்லடா" என்றாள். "நீ ஆரம்பிச்சுக்கோ."